கறுப்புக் கோட்டு, கான்கிரீட் சுவர்: மூன்று படங்களைப் பார்த்த நாட்குறிப்பு

2025 ஜூன் 2, திங்கள்

ஈக்விலிப்ரியம் (2002), ஏயான் ஃபிளக்ஸ் (2005), அல்ட்ராவயலட் (2006). மூன்றிலும் கொடுங்கோல் அரசு, பளபளக்கும் நகரம், உடம்போடு ஒட்டிய உடை, ஒற்றை ஆளாக ஒரு படையையே சாய்க்கும் நாயகனோ நாயகியோ. முதலாவதும் மூன்றாவதும் ஒரே இயக்குநர் கர்ட் விம்மர் எடுத்தவை. முதல் இரண்டும் பெர்லினில் படமானவை. பார்க்கும்போது கண்ணைப் பறிக்கும், மறுநாள் கதை கேட்டால் திணறவேண்டியிருக்கும் என்ற வகை. இவற்றில் முதலாவதுக்கு மட்டும் இன்றும் ரசிகர் கூட்டம் இருக்கிறது. அது ஏன் என்று பார்க்கத்தான் இந்தக் குறிப்பு.

முறை இதுதான். படத்தை ஒருமுறை நிறுத்தாமல் பார்ப்பது. இரண்டு நாள் கழித்து, நினைவிலிருந்து மட்டும், ஒரு சண்டை நடந்த இடத்தைத் தாளில் வரைவது: கதவு எங்கே, எதிரிகள் எந்தப் பக்கம், நாயகன் எங்கே தொடங்கி எங்கே முடித்தான். அதன்பிறகு அதே காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டு, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்ப்பது. வரைய முடிந்த சண்டை நினைவில் நிற்கும் சண்டை. விதிவிலக்குகள் உண்டு, அதிகமில்லை.

ஜூன் 3, செவ்வாய்

ஈக்விலிப்ரியத்தின் தொடக்கச் சண்டை. இருட்டறை, நடுவில் நாயகன் கிறிஸ்டியன் பேல், சுற்றிலும் ஆயுதம் ஏந்தியவர்கள். வெளிச்சம் பெரும்பாலும் துப்பாக்கி வாயிலிருந்துதான். ஒவ்வொரு சூட்டிலும் ஒரு நிலை தெரிகிறது: கை நீட்டி, கை மடக்கி, முதுகுப்புறம். விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோப் விளக்கில் நடனத்தைப் பார்ப்பதுபோல.

கேட்க எளிதாகத் தோன்றும், எடுப்பது பாடு. ஃபிலிம் கேமராவில் நொடிக்கு 24 ஃபிரேம், ஒளியை மறைத்துத் திறக்கும் ஷட்டர் 180 டிகிரி என்றால் ஒவ்வொரு ஃபிரேமும் 1/48 நொடிதான் ஒளி வாங்கும். மீதிப் பாதி நேரம் ஷட்டர் மூடியிருக்கும். துப்பாக்கி வாயின் தீப்பொறி சில மில்லிநொடிகளில் அணைந்துவிடும். அது மூடிய பாதியில் விழுந்தால் படத்தில் வெடிச் சத்தம் மட்டுமே மிஞ்சும். அதனால்தான் சினிமாவுக்கான வெற்றுத் தோட்டாவில் தீ பெரிதாக, சற்று நீளமாகத் தெரியும்படி மருந்தை அடைக்கிறார்கள். அப்படியும் ஒரே ஷாட்டைத் திரும்பத் திரும்ப எடுக்கவேண்டும். டிஜிட்டல் கேமராவில் தொல்லை வேறு மாதிரி: சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால், ஃபிரேமின் பாதி வெளுத்து, பாதி இருண்டு நிற்கும்.

இப்போது பலர் தீப்பொறியைக் கம்ப்யூட்டரில் ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டியது பளிச்சென்று தெரிவதற்குக் காரணம் பொறி அல்ல, சுவர். பொறி தெறிக்கும் அதே ஃபிரேமில் சுவரும் முகமும் கோட்டின் ஓரமும் வெளிச்சமாக வேண்டும், அடுத்த ஃபிரேமில் அணைய வேண்டும். சுவரை மறந்தால் தீப்பொறி ஸ்டிக்கர் மாதிரிதான் இருக்கும்.

ஜூன் 5, வியாழன்

ஈக்விலிப்ரியம், நினைவுத் தாள். தொடக்க அறை வந்துவிட்டது. கடைசிப் பகுதியின் வெள்ளைக் கோட்டுச் சண்டையில், நாயகன் எந்தத் திசையில் முன்னேறினான் என்பதுவரை வந்தது. மேஜைக்கு அருகே இருவர் துப்பாக்கிகளைக் கைகளாலேயே தட்டிவிட்டபடி மோதும் இறுதிச் சண்டையும் வந்தது. மூன்றுக்கு மூன்று.

காரணம், படம் முதலிலேயே ஒரு விதியைச் சொல்லிவிடுகிறது. துப்பாக்கிச் சண்டைகளை ஆயிரக்கணக்கில் ஆராய்ந்ததில் எதிரிகள் நிற்கும் இடமும் தோட்டா பாயும் பாதையும் கணிக்கக்கூடியவை, பயிற்சி பெற்றவன் தோட்டா வராத இடத்தில் நின்று வரவேண்டிய இடத்தில் சுடுவான். சுடும் திறன் 120 சதவீதம் கூடும் என்று ஒரு கணக்கும் சொல்கிறார்கள். கணக்கு சுத்தப் பேத்தல். ஆனால் விதி என்று ஒன்று கிடைத்துவிட்டது. அதன்பின் ஒவ்வொரு கை நிலைக்கும் காரணம் இருப்பதாகக் கண் நம்பிவிடுகிறது.

இன்னொன்று, தோட்டா தீர்கிறது. படத்தின் துப்பாக்கி பெரெட்டா 92 வகையை மாற்றியமைத்தது. அந்த வகையின் வழக்கமான மேகஸினில், அதாவது தோட்டா அடைக்கும் பெட்டியில், 15 தோட்டா. நிமிடத்துக்கு 1,100 வேகத்தில் தொடர்ச்சியாகச் சுட்டால் ஒரு நொடிகூட வராது. எனவே மேகஸின் மாற்றுவதை ஒளிக்க முடியாது, காட்டித்தான் ஆகவேண்டும். படம் அதையே வித்தையாக்குகிறது: அடிப்பாகம் கனமான மேகஸின்களை நாயகன் முன்கூட்டியே தரையில் வீசுகிறான். அவை தலையாட்டிப் பொம்மைபோல ஆடி நிமிர்ந்து நிற்கின்றன. வெறும் துப்பாக்கிகளை அவற்றின்மேல் குத்தி நிரப்பிக்கொள்கிறான். இரண்டு மூன்று நொடி விஷயம். படத்தில் எது மறந்தாலும் இது மறக்காது.

ஜூன் 6, வெள்ளி

இன்று இடங்கள். ஈக்விலிப்ரியத்துக்கு 1936 ஒலிம்பிக் ஸ்டேடியம் கிடைத்தது. அப்போது திறக்கப்படாமல் கிடந்த நாடாளுமன்றச் சுரங்க ரயில் நிலையமும் கிடைத்தது. 2009இல்தான் அங்கே ரயில் ஓடத் தொடங்கியது. அதே நிலையம் 2002இல் வந்த ரெசிடென்ட் ஈவில் படத்திலும் உண்டு. ஏயான் ஃபிளக்ஸ் எதிர்கால நகரத்துக்காகப் போனது பெர்லினின் விலங்குகள் காப்பகத்துக்கு. வட்ட வட்டமாக வெறும் கான்கிரீட், நடுவே தண்ணீர். கைவிடப்பட்ட நாய் பூனைகளுக்கான இடம் என்று தெரிந்தபின் பார்த்தால் சற்று சிரிப்பு வரும்.

கான்கிரீட் ஏன் இவ்வளவு பிடிக்கிறது? சாம்பல் நிறம் முகத்தில் வேறு நிறத்தை அடிக்காது, மங்கலான பரப்பு கேமராவையும் லைட்டையும் பிரதிபலிக்காது, கறுப்பு உடை துல்லியமாகப் பிரிந்து தெரியும். பலகையோ விளம்பரமோ இல்லாததால் எந்த ஊர் என்று பிடிபடாது.

சிக்கல்களும் உண்டு. அகன்ற லென்ஸைக் கொஞ்சம் அண்ணாந்து வைத்தாலும் செங்குத்துக் கோடுகள் உள்நோக்கிச் சாயும். கேமராவைத் தரைக்கு இணையாக வைத்து உயரத்தால் சரிசெய்ய வேண்டும். தீயணைப்பான், ப்ளக் பாயிண்ட், அவசர வழிப் பலகை எல்லாவற்றையும் மறைக்கவோ பிறகு அழிக்கவோ வேண்டும். எல்லாவற்றையும்விட எதிரொலி. வெறும் கான்கிரீட் கூடத்தில் சொன்ன சொல் சில நொடி சுற்றிக்கொண்டிருக்கும். வசனத்தை ஸ்டூடியோவில் மறுபடி பேசவைக்க வேண்டிவரும். பெரிய கூடத்தில் நிற்பவர் காதருகே முணுமுணுப்பதுபோல இந்தப் படங்களில் கேட்டால், பெரும்பாலும் அதுதான் காரணம்.

ஜூன் 9, திங்கள்

ஏயான் ஃபிளக்ஸ், நினைவுத் தாள். தோட்டம் வந்தது: விதைக்காய்கள் சுடும், பாதையைவிட்டுக் கால் வைத்தால் புல் கத்தியாகிவிடும், கூட வருபவளுக்குப் பாதங்களின் இடத்தில் கைகள். சிறையிலிருந்து விசில் அடித்தால் உருண்டு வரும் குண்டுகளும் வந்தன. இரண்டிலும் ஒரு விதி இருக்கிறது, கவனிக்க. அதற்குப் பிந்தைய சுடுதல்கள் எதுவும் தாளுக்கு வரவில்லை. யாரோ ஓடினார்கள், கண்ணாடி உடைந்தது, அவ்வளவு.

மூலம் பீட்டர் சங் உருவாக்கிய அனிமேஷன், 1991இல் எம்டிவியில் வந்தது. அந்தக் குறும்படங்களில் வசனம் கிட்டத்தட்ட இல்லை, நாயகி திரும்பத் திரும்பச் செத்துப்போவாள். சாவே ஒரு விதியாக இருந்தது. 93 நிமிடப் படத்தில் அதைச் செய்ய முடியாது. பதிலுக்கு வைரஸ், குளோனிங், 400 வருடத்துக்கு முந்தைய காதல் என்று விளக்கம் வந்து உட்கார்ந்தது.

நடுவில் ஸ்டண்ட் ஒன்றில் நாயகி சார்லிஸ் தெரோன் கழுத்தில் அடிபட்டு, படப்பிடிப்பு வாரக்கணக்கில் நின்றது. பிறகு இயக்குநர் கேரின் குசாமாவின் கையைவிட்டு எடிட்டிங் போனது. இப்படி வெட்டும்போது முதலில் போவது மனிதர்கள் பேசிக்கொள்ளும் காட்சிகள், ஏனென்றால் சண்டைக்குத்தான் காசு செலவாகியிருக்கும். மிச்சப்படுவதில் யார் யாருக்காகச் சாகிறார்கள் என்பது தெரியாது. நாயகி தன் சகோதரியை இழக்கும் சோகம் இந்தப் படத்தில் அப்படித்தான் காற்றில் போயிற்று.

ஜூன் 10, செவ்வாய்

அல்ட்ராவயலட். சீக்கிரம் முடித்துவிடலாம். நாயகி மீலா யோவோவிச்சின் முடியும் உடையும் நிறம் மாறுகின்றன, சுவரிலும் கூரையிலும் நடக்கிறார். முகங்களை எல்லாம் மென்மையாக்கியிருக்கிறார்கள். நுண்ணிய விவரத்தை மட்டும் மங்கவைக்கும் வேலை அது. மயிர்க்கால் போனால் வியர்வையும் போகும், வியர்வை போனால் பயம் தெரியாது.

பெரிய தவறு வேறு. துப்பாக்கிகள் வேறு பரிமாணத்தில் மடித்து வைக்கப்பட்டு மணிக்கட்டிலிருந்து வருகின்றன. தீர்ந்துபோகும் என்ற கவலையே இல்லை. நிமிர்ந்து நிற்கும் மேகஸினை யோசித்த அதே ஆள்தான் நான்கு வருடம் கழித்து மேகஸினுக்கான தேவையையே ஒழித்தார்.

ஜூன் 12, வியாழன்

அல்ட்ராவயலட் தாளில் ஒரு வட்டம், சுற்றிலும் புள்ளிகள். எந்தச் சண்டை என்று எழுதத் தெரியவில்லை.

கடைசியாக ஈக்விலிப்ரியத்தின் சண்டையில்லாத காட்சிகளை மட்டும் ஓட்டிப் பார்த்தாயிற்று. உணர்ச்சியை மருந்தால் அடக்கிய உலகம் என்கிறார்கள், ஆனால் நாயகனின் கூட்டாளியாக வரும் டே டிக்ஸ் பல் தெரியச் சிரிக்கிறார், எரிச்சல்படுகிறார், பொறாமைப்படுகிறார். மேலதிகாரி கத்துவதற்காவது படம் பின்னால் ஒரு காரணம் தருகிறது, இவருக்கு அதுவும் இல்லை. பக்கத்திலேயே பேல், மருந்தை நிறுத்தியதும் கையுறையைக் கழற்றி மாடிப்படிக் கைப்பிடியைத் தடவிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார். துணை நடிகரிடம் "சிரிக்காதே" என்று சொல்ல ஒரு பைசா செலவில்லை.