தெரிந்த சொல்தான் காலை வாரியது

வெளிநாட்டில் மேற்படிப்புக்காக எழுதும் ஜிஆர்இ தேர்வுக்குப் படிக்கும்போது முதல் இரண்டு மாதம் வாயில் நுழையாத ஆங்கிலச் சொற்களாகப் பார்த்து மனப்பாடம் செய்தேன். மாதிரித் தேர்வில் என்னைக் கவிழ்த்தது 'குவாலிஃபைடு'. இது தெரியாதா என்று 'தகுதியான' என்ற பொருளில் விடையைத் தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். 'குவாலிஃபைடு சப்போர்ட்' என்றால் "சரிதான், ஆனா..." என்று இழுத்துக்கொண்டே தருகிற அரைமனசு ஆதரவாம்!

தெரியாத சொல் வந்தால் நின்று யோசிக்கிறோம், தெரிந்த சொல்லைக் கண் தாண்டிப் போய்விடுகிறது. வானிலை என்று நமக்குத் தெரிந்த 'வெதர்' வினைச்சொல்லாக வந்தால் தாக்குப்பிடிப்பது. 'ஃபார் வான்ட் ஆஃப் எவிடென்ஸ்' என்பதில் யாரும் எதற்கும் ஆசைப்படவில்லை, ஆதாரம் இல்லை, அவ்வளவுதான். 'ஆல் பட் இம்பாசிபிள்' என்றால் கிட்டத்தட்ட முடியாது. 'எனிதிங் பட் இம்பாசிபிள்' என்றால் முடியாதது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு தீர்மானத்தை 'டேபிள்' செய்தார்கள் என்றால் பிரிட்டனில் விவாதத்துக்கு எடுத்தார்கள் என்று பொருள், அமெரிக்காவில் ஒத்திப்போட்டார்கள் என்று பொருள்.

இதையெல்லாம் பட்டியல் போட்டுப் படிக்கலாம் என்று நினைத்தால் விட்டுவிடுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் 'ரன்' என்ற வினைக்கு மட்டும் 645 பொருள்கள். நான் தப்பித்தது தமிழை வைத்துத்தான். நாமும் வண்டி ஓடுகிறது, கடை ஓடுகிறது, படம் ஓடுகிறது, மனசுக்குள் ஏதோ ஓடுகிறது என்கிறோம், இதை யாரும் உட்கார்ந்து நெட்டுருப் போட்டதில்லை, நிற்காமல் போய்க்கொண்டே இருப்பது என்ற ஒரே படம் உள்ளே இருக்கிறது, மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. ஆங்கிலச் சொல்லிலும் அந்த நடுப்படத்தைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் கூரை ஓட்டுக்கும் ஓடுகிற ஓட்டத்துக்கும் உறவு தேடினால் பைத்தியம்தான் பிடிக்கும். ஆற்றங்கரை 'பேங்க்', பணம் போடும் 'பேங்க்' இரண்டுக்கும் வேர் எங்கோ தொலைவில் ஒன்றுதான் என்றாலும், இன்றைய பொருளில் அந்த உறவு கண்ணுக்குத் தெரியாது. பணத்துடையது இத்தாலிய மொழியில் பணம் மாற்றுவோரின் பலகையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. அந்த மாதிரி ஜோடிகளைத் தனித்தனிச் சொல்லாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டில் பொருளை எழுதாதீர்கள், வாக்கியத்தை எழுதுங்கள். பொருளை மட்டும் எழுதிய என் முதல் நோட்டு கடைசிவரை உதவவே இல்லை. அப்புறம், அகராதியில் முதல் பொருளோடு மூடிவிடாமல் மூன்றாவது, நான்காவது வரை இறங்கிப் பாருங்கள், கேள்வி எடுப்பவர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். கோடிட்ட இடம் வந்தால் விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, அங்கே என்ன வரவேண்டும் என்று தமிழிலேயே ஒரு சொல்லைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுப்பேன். மெதுவாகத்தான் இருக்கும், பத்து நாளில் பழகிவிடும்.

இன்றைக்கும் என்னைத் தடுமாற வைப்பது 'சாங்ஷன்' ஒன்றுதான். அனுமதியும் அதுவே, தண்டனையும் அதுவே. நாடுகளைப் பற்றிய பத்தியில் பன்மையில் வந்தால் பெரும்பாலும் தடை. மற்றபடி முன்பின் இரண்டு வரியைப் படிக்காமல் நான் அதில் கைவைப்பதே இல்லை.