குய்வஸ்து வரை 27 நிமிடம்

எஸ்டோனியத் தலைநகர் தாலினிலிருந்து சாரேமா தீவின் குரெஸ்ஸாரே நகருக்குப் பேருந்தில் ஏறக்குறைய நாலு மணி நேரம். அதில் அரை மணி நேரம் பேருந்து ஓடாது, கப்பலுக்குள் நின்றுகொண்டிருக்கும். எஸ்டோனியாவின் மேற்குக் கரையில் விர்ட்சு என்று ஒரு சின்னத் துறைமுகம். அங்கே பேருந்து அப்படியே கப்பலின் வாய்க்குள் போகும். ஏழு கிலோமீட்டர் தாண்டி, முஹு தீவில் இருக்கும் குய்வஸ்துவில் வெளியே வரும். முஹுவிலிருந்து சாரேமா தீவுக்குக் கடலைத் தூர்த்து 1896-லேயே சாலை போட்டுவிட்டார்கள். அதனால் பாக்கி இருப்பது இந்த ஏழு கிலோமீட்டர்தான்.

எனக்கு வேலை சாரேமாவில், படகு கட்டும் ஒரு பட்டறையில். மனைவிக்கு தாலினில். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வெள்ளி போய், ஞாயிறு திரும்புவேன். இரண்டு வருஷமாக இதுதான் வாழ்க்கை.

முதல் தடவை பேருந்துக் கதவு திறந்ததும் ஓடிப்போய் மேல்தளத்தில் நின்றேன். பால்டிக் கடல் ஆயிற்றே! நாற்பது படம் எடுத்தேன். திரும்பிப் பார்த்தால் அந்தத் தளத்தில் நான் ஒருவன்தான். கூட வந்த மொத்தப் பேரும் உள்ளே சிற்றுண்டிக் கடை வரிசையில் தட்டோடு நிற்கிறார்கள். சூப், கருப்பு ரொட்டி, உருளைக்கிழங்கு மசியல். யாரும் சன்னல் பக்கம்கூடத் திரும்பவில்லை. இவர்களுக்கு இது கடல் பயணமே இல்லை, சாலையில் வரும் ஒரு பாலம். 'பிராம்' என்றுதான் சொல்வார்கள். "மூணரை பிராமில் வருகிறேன்" என்றால் நம்மூரில் மூணரை பஸ் என்கிற மாதிரி.

இரண்டாவது மாதம் அவமானப்பட்டேன். இந்தக் கப்பலுக்கு முன், பின் என்பதே கிடையாது. இரண்டு முனையும் ஒரே அச்சு. திருப்பவே வேண்டாம், வரும்போது பின்னால் இருந்த முனையே முன்னாலாகித் திரும்பிப் போகும். சுமார் 150 கார் பிடிக்கிற தளம் அது. அறிவிப்பு வந்ததும் படியிறங்கினேன், எதிர்ப்பக்கப் படியில். சரக்கு லாரிகளுக்கு நடுவே ஒருக்களித்து, கண்ணாடிகளில் தோள் இடிக்க, பையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். முன்கதவு மேலே ஏறி வெளிச்சம் உள்ளே வந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது பேருந்து மட்டும் நகராமல் நிற்கிறது, பின்னால் எல்லா வண்டியும் காத்திருக்கிறது. ஒரு ஹாரன்கூட இல்லை. அந்த அமைதிக்கு நாலு வசவு கேட்டிருக்கலாம். ஓட்டுநர் என்னைப் பார்க்காமலே கதவை மூடினார். (படகு கட்டுகிறவன், கப்பலில் திசை தெரியவில்லை என்று பட்டறையில் ஒரு வாரம் ஓடியது.)

கப்பல்களின் பெயர்கள் எனக்குப் பிடிக்கும். ஒன்று டொல், இன்னொன்று பிரெத். அந்த 'டொ'வில் வருவது சுத்தமான ஒகரம் இல்லை. நம் 'அது'வின் கடைசியில் வருகிற உகரம் போல உதட்டைக் குவிக்காமல் சொல்ல வேண்டும். மொழி வகுப்பில் எனக்குச் சுலபமாக வந்த ஒரே சத்தம் அதுதான். டொல் என்பவன் சாரேமாவின் அரக்கன், நல்ல அரக்கன். பிரெத் அவன் மனைவி. அவள் அடுப்பில் உலை வைத்ததும், இவன் கடலில் இறங்கி நடந்தே ருஹ்னு தீவுக்குப் போய், அங்கே நட்டிருந்த முட்டைக்கோஸைப் பறித்துக்கொண்டு, உலை கொதிப்பதற்குள் திரும்பிவிடுவானாம். ஹீயுமா தீவில் இருந்த அவன் தம்பி லெய்கெர், அண்ணன் நனையாமல் வந்துபோகக் கல் கொட்டிப் பாலம் போடத் தொடங்கினானாம். கடலுக்குள் நீளும் அந்தச் சரளை முனையை இன்றும் காட்டுகிறார்கள். ராமேஸ்வரம் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது என்று சக ஊழியரிடம் சொன்னேன். "அங்கேயும் முடிக்கவில்லையா?" என்றார். முடித்து, போருக்கே போய்விட்டார்கள் என்று விளக்க மதிய உணவு நேரம் போதவில்லை.

குளிர்காலம் வேறு கதை. கப்பல் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு போகும்போது கீழே பெரிய அப்பளத்தை யாரோ விடாமல் நொறுக்குகிற சத்தம் கேட்கும். கடுங்குளிர் நீடித்தால் கடல்மேலேயே கார் ஓட்டப் பாதை திறப்பார்கள். இப்போதெல்லாம் அது அபூர்வம். அதற்கான விதிகளை ஒரு சக ஊழியர் எனக்கு மனப்பாடமே செய்வித்துவிட்டார். சீட் பெல்ட் போடக்கூடாது. வேகம் 25 கிலோமீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் 40-க்கும் 70-க்கும் நடுவே. இடைப்பட்ட வேகத்தில் போனால் வண்டியின் எடையால் பனிக்கட்டிக்கு அடியில் கிளம்பும் அலை வண்டியோடு சேர்ந்துகொண்டு, மேலே இருப்பதைப் பிளந்துவிடும். நான் பிராமிலேயே போய்க்கொள்கிறேன் என்றேன்.

போன ஜூலையில் அம்மா வந்தாள், தூத்துக்குடியிலிருந்து. தாத்தா உப்பளத்தில் வேலை பார்த்தவர். விர்ட்சு கரையில் பேருந்து வரிசையில் நின்றபோது இறங்கிப்போய், குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். அப்புறம் மறுபடியும் ஒரு தடவை.

"எய்யா, கஞ்சிக்குக்கூட இந்த உப்புப் பத்தாதே."

சரிதான். பெருங்கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்றால், இங்கே ஆறு கிராம் பக்கம்தான். சுற்றிலும் ஆறுகள் கொட்டுகின்றன. வெளிக்கடல் உள்ளே வர டென்மார்க் பக்கம் சில குறுகிய வழிகள் மட்டுமே. இதையெல்லாம் சொன்னேன். "இதுல பாத்தி கட்டுனா உங்க தாத்தா பட்டினிதான்" என்று முடித்துவிட்டாள்.

கப்பலில் ஏறியதும் அவள் மேல்தளத்துக்குப் போய்விட்டாள், சேலைக்கு மேல் என் குளிர்ச்சட்டையோடு. நான் வழக்கம்போல வரிசையில் நின்று சூப் வாங்கி, சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். அவளுக்கு ஒரு டீ வாங்கி வைத்தேன். அறிவிப்பு வந்த பிறகுதான் உள்ளே வந்தாள். கன்னமெல்லாம் சிவந்திருந்தது.

"நீ வெளிய வரவே இல்லியே? கொக்கு மாதிரி என்னமோ வெள்ளையா ஒரு கூட்டம் மிதந்துது."

"அன்னமா இருக்கும்மா."

"அன்னமா!" என்றாள். "அதைப் பாக்காம சூப்பு குடிச்சியாக்கும்."

படியிறங்கிப் பேருந்துக்கு வந்தோம். அம்மா டீக் குவளையோடு ஏறினாள். ஓட்டுநர் அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். இரண்டு வருஷத்தில் எனக்கு ஒருவரும் அப்படி அசைத்ததில்லை.