ஓட்டுப் போட்டதுக்கு அப்புறம்: வேதாரண்யம், கீழ்வெண்மணி, திருவாரூர்

அகஸ்தியம்பள்ளி உப்பு சத்தியாகிரக ஸ்தூபிக்கு மத்தியானம் போகாதீங்க, உப்பளம் வெயில்ல அப்படி மின்னுது, கண்ணைத் திறக்கவே முடியல. 1930 ஏப்ரல்ல ராஜாஜி திருச்சியில இருந்து சுமார் நூறு பேரோட நடந்து வந்து சட்டத்தை மீறி உப்பு அள்ளுன ஊரு வேதாரண்யம். ஜெயிலுக்குப் போன அதே மனுஷன் 1952ல மெட்ராஸ் முதலமைச்சரா இருந்து இதே தஞ்சாவூர் ஜில்லாவுக்குன்னே ஒரு சட்டம் போட்டாரு. குத்தகைக்காரரையும் பண்ணையாளையும் இஷ்டத்துக்கு வெளியேத்தக் கூடாது, கூலி இவ்வளவு குடுத்தே ஆகணும்னு. மேல இருக்கறவங்க மனசு இரங்கிக் குடுத்ததுன்னு மட்டும் நினைச்சிடக் கூடாது, சங்கம் கட்டி வருஷக்கணக்கா அடி வாங்குனவங்க கேட்டு வாங்குனது அது.

நான் கொஞ்ச காலம் இந்தோனேசியா பக்கத்துல இருக்கற குட்டி நாடு கிழக்குத் திமோர்ல, அதோட தலைநகரம் டிலியில வேலை பார்த்தேன். அங்க பழகுனவங்க நான் இந்தியான்னு தெரிஞ்சதும் கேக்குற முதல் கேள்வி, நீங்க எப்படி சுதந்திரம் வாங்குன கையோட எல்லாருக்கும் ஓட்டுரிமை குடுத்து நடத்திக் காட்டுனீங்கன்னுதான். அதனாலயே டெல்டா பக்கம் ஒரு சுத்து சுத்தணும்னு மனசுல கிடந்துச்சு.

திமோர்காரங்க கதை ரொம்பக் கொடுமை. 1975ல போர்ச்சுகல் கிட்ட இருந்து சுதந்திரம்னு அறிவிச்ச கொஞ்ச நாள்லயே இந்தோனேசியா படை உள்ள வந்து 24 வருஷம் உக்காந்துக்கிச்சு, லட்சம் பேருக்கு மேல செத்தாங்க. 1999 ஆகஸ்ட் 30ல ஐநா நடத்துன வாக்கெடுப்புல 78.5 சதவீதம் பேர் தனி நாட்டுக்கு ஓட்டுப் போட்டாங்க, ரிசல்ட் வந்ததும் ராணுவ ஆதரவுல இருந்த ஆயுதக் கும்பலுங்க ஊர் ஊரா கொளுத்துச்சுங்க. சாம்பல்ல இருந்து ஆரம்பிச்சாங்க. 2000ல ஐநா நிர்வாகம் நியமிச்ச உள்ளூர் ஜட்ஜுங்கள்ல ஒருத்தர் கூட அதுக்கு முன்னாடி ஜட்ஜா இருந்ததில்ல. அப்படியும் 2001ல 88 பேர் கொண்ட சபையைத் தேர்ந்தெடுத்து அரசியல் சட்டம் எழுதி 2002 மே 20ல நாடாயிட்டாங்க.

தேர்தல் நடத்துறது கூட முடிஞ்சிடுதுங்க, அதுக்கப்புறம்தான் கஷ்டம். 2006ல சுமார் 600 சிப்பாய்களை வேலையை விட்டு நீக்குனதுல ஆரம்பிச்ச சண்டை, ராணுவமும் போலீஸும் ஒருத்தரை ஒருத்தர் சுடுற அளவுக்குப் போய் ஒன்றரை லட்சம் பேர் வீட்டை விட்டு ஓடுனாங்க. நாலு வயசு நாடு.

கீழ்வெண்மணியில நின்னப்ப இதெல்லாம்தான் ஓடுச்சு. 1968 டிசம்பர் 25 ராத்திரி கூலி கேட்டுப் போராடுன தலித் குடும்பங்கள்ல 44 பேரை, அதுல பெரும்பாலும் பொம்பளைங்களும் புள்ளைங்களும், ஒரே குடிசையில வச்சு எரிச்சாங்க. அதுக்குள்ள இந்த நாட்டுல நாலு பொதுத்தேர்தல் முடிஞ்சிருச்சு, சட்டம் இருந்துச்சு, கோர்ட் இருந்துச்சு, போலீஸ் ஸ்டேஷன் இருந்துச்சு. ஆனா மேட்டூர்ல திறந்த தண்ணி கடைமடைக்கு வந்து சேராத மாதிரி, அதெல்லாம் இந்தக் குடிசை வரைக்கும் வந்து சேரல. கீழ்கோர்ட்ல தண்டனை வாங்குன மிராசுதாருங்களை ஹைகோர்ட் விடுதலை பண்ணிடுச்சு, அதை இன்னிக்குப் படிச்சாலும் எனக்கு வயிறு எரியுது.

திமோர்லயும் 1999 கொலைகளுக்கு 390 பேருக்கு மேல குற்றப்பத்திரிகை போட்டாங்க, 300க்கு மேல ஆளுங்க இந்தோனேசியாவுல, கைக்கே எட்டல. ஆனா சின்னக் குத்தங்களுக்கு, அதாவது வீட்டைக் கொளுத்துனது, ஆடு மாடு திருடுனது மாதிரி, ஊர் நடுவுல பாயை விரிச்சு பெரியவங்க உக்காந்து, செஞ்சவன் எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டு, வீடு கட்டிக் குடுக்கறதோ மன்னிப்புக் கேக்கறதோ பண்ணுன பிறகு ஊருக்குள்ள சேத்துக்கிட்டாங்க. 1,300 பேருக்கு மேல அப்படித் திரும்பி வந்தாங்க. கொலையை இப்படித் தீக்க முடியாது, தீக்கவும் கூடாது, ஆனா பக்கத்து வீட்டுக்காரன் கூட மறுபடி வாழணும்னா இது மாதிரி ஒண்ணு வேணும்தான்.

திருவாரூர்ல டீக்கடையில ஒரு பெரியவர் கிட்ட பேசிக்கிட்டிருந்தேன், கையில மஞ்சப்பை, உள்ள மனு. கலெக்டர் ஆபீஸ்ல விவசாயிகள் குறைதீர் கூட்டம் முடிஞ்சு வந்திருந்தாரு. என்ன ஐயா கேட்டீங்கன்னேன்.

"டிபிசில, அதான் நெல் கொள்முதல் நிலையத்துல, மூட்டை தேங்கிக் கிடக்கு தம்பி, சாக்கு இல்லைங்கறான், ஈரப்பதம் அதிகம்ங்கறான். போன மாசமும் சொன்னேன். இந்த மாசம் மைக்கைப் புடிச்சு தேதியோட சொல்லிட்டேன்."

"வேலை நடக்குமா ஐயா?"

"நடக்கலைன்னா அடுத்த மாசமும் வருவேன். எங்க அப்பாரு காலத்துல பண்ணை வாசல்ல துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு நிக்கணும், இப்ப கலெக்டர் முன்னாடி நாற்காலியில உக்காந்து கேக்குறேன்ல."

எனக்குத் தெரிஞ்சு டிலியில கேட்ட கேள்விக்கு இவர்தான் சரியான பதில் வச்சிருக்காரு. இல்லாதவன் போய்க் கேக்க ஒரு இடம் இருக்கணும், தோத்தவனுக்கும் ஒரு இடம் இருக்கணும். 2015ல திமோர் விடுதலைப் போராட்டத் தலைவர் ஷனானா குஸ்மாவோ பிரதமர் பதவியை விட்டு இறங்கி எதிர்க்கட்சி ஃப்ரெடிலின்காரரான ருய் அராவ்ஜோ கையில குடுத்தாரு, 2006ல குஸ்மாவோவும் ஃப்ரெடிலின் கட்சியும் ஜென்மப் பகையா நின்னவங்க. எனக்கு அந்தச் செய்தி 2002 கொடியேத்தத்தை விடப் பெருசு.

போறவங்களுக்கு: கீழ்வெண்மணி நாகப்பட்டினம் மாவட்டம், கீழ்வேளூர், தேவூர் பக்கம். முடிஞ்சா டிசம்பர் 25 போங்க, அன்னிக்கு ஊர் ஊரா இருந்து ஜனங்க வந்து நினைவிடத்துல அஞ்சலி செலுத்துவாங்க.