மீன் பெட்டி தெர்மோகோல்ல ஒரு ஸ்பீக்கர்

ஸ்பீக்கர் வாங்கப் போனா நம்ம ஊர்ல எல்லாரும் மொதல்ல செய்யுற வேலை அத கையில தூக்கிப் பாக்குறதுதான். கனமா இருந்தா நல்ல சாதனம், லேசா இருந்தா டூப்ளிகேட்டு, அம்புட்டுதான் தீர்ப்பு. மைக் செட் வச்சிருக்க அண்ணன்மார்கிட்ட கேட்டாலும் "மேக்னெட் வெயிட்ட பாரு மக்கா"ன்னுதான் சொல்லுவாங்க. அதுல பாதி சரி. மேக்னெட்டும் பெட்டியும் கனமா இருக்கட்டும், அதுக அசையக் கூடாத சாமான். ஆனா காத்த தள்ளுறது கோனும் (முன்னாடி அதிருற கூம்பு) அதுல ஒட்டியிருக்க காயிலும்தான (கம்பிச் சுருளு), அது எம்புட்டு லேசோ அம்புட்டு நல்லது. அதே மேக்னெட்டு, அதே காயில், அதே அளவு கோன் வச்சுகிட்டு அசையுற எடைய மட்டும் ரெட்டிப்பாக்குனா சத்தம் சுமார் 6 டெசிபல் கொறைஞ்சு போவும், அத சரிக்கட்ட ஆம்ப்ளிஃபையர் நாலு மடங்கு பவர் குடுக்கணும். அதனாலதான் 1925ல அமெரிக்கால ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனில ரைஸ், கெல்லாக்னு ரெண்டு பேரு இப்ப நாம பாக்குற மாதிரி காயில் ஸ்பீக்கர செஞ்சப்போ காகிதத்துல கோன் போட்டாங்க, நூறு வருசம் ஆச்சு, இன்னைக்கும் நெறைய ஸ்பீக்கர்ல காகிதம்தான் கெடக்கு.

இந்த ஒரு விசயம் மண்டைக்குள்ள போயிட்டா அப்புறம் எத பாத்தாலும் "இது எம்புட்டு வெயிட்டு, வளையுமா வளையாதா"ன்னுதான் தோணும். எனக்கு அப்படித்தான் ஆயிப்போச்சு. பாக்குமட்டை தட்டு, சிரட்டை, சர்பத் கப்பு, தெர்மோகோல், எல்லாத்தையும் விரலால தட்டி காதுல வச்சு கேக்குறது, வீட்ல இருக்கவங்க பாத்து "எளவு, இவனுக்கு என்னமோ புடிச்சிருக்கு"ன்னு சொல்றது.

இருக்கதுலயே சுளுவான வழி எக்ஸைட்டர். அது கோன் இல்லாத ஸ்பீக்கர்னு வச்சுக்கோங்க, மேக்னெட்டும் காயிலும் மட்டும் இருக்கும், முன்னாடி ஒட்டுறதுக்கு ஒரு வளையம், எதுல ஒட்டுறோமோ அதுதான் பாடும். போன வைப்ரேட்ல போட்டு மேசை மேல வச்சா மேசையே சத்தம் போடுதுல்ல, அதே சங்கதிதான், ஆனா பாட்டு பூரா வரும். ஆன்லைன்ல 25 மி.மீ. காயில், 4 ஓம், 10 வாட்டுன்னு போட்டு விக்கிறதுதான் நமக்கு தோதானது. இத ஒரு தட்டையான லேசான பலகைல ஒட்டுனா பலகை முழுசும் ஒரே மாதிரி முன்ன பின்ன போவாது, அங்கங்க அலை அலையா வளைஞ்சு ஒவ்வொரு எடமும் ஒவ்வொரு மாதிரி அதிரும், அந்த அதிர்வெல்லாம் சேந்துதான் சத்தம். 1990கள்ல பிரிட்டன்ல என்எக்ஸ்டின்னு ஒரு கம்பெனி இதையே பெரிய தொழிலா பண்ணுச்சு, அது மொளைச்சது அந்த நாட்டு ராணுவ ஆராய்ச்சிலேந்துன்னு சொன்னா நம்புவீங்களா.

இப்ப பலகைக்கு வருவோம். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல தெர்மோகோலுக்கா பஞ்சம்? குளச்சல், தேங்காப்பட்டணம், சின்னமுட்டம்னு எந்த துறைமுகத்துக்கு போனாலும் ஐஸ் போட்டு மீன் அனுப்புற வெள்ளப் பெட்டி ஒடைஞ்சு கெடக்கும். நான் ஒரு மூடி கேட்டப்போ அந்த அக்கா மேலயும் கீழயும் பாத்துட்டு, "எதுக்கு மக்கா இந்த நாத்தம் புடிச்சத கேக்குற?"ன்னாங்க. "ரேடியோ செய்யதுக்கு அக்கா"ன்னேன். "கொண்டு போ, ஆனா உனக்க வீட்டுல என்னைய ஏசக்கூடாது பாத்துக்க"ன்னு சொல்லி ரெண்டு மூடியா குடுத்துட்டாங்க. சோப்புத் தண்ணில கழுவி வெயில்ல ரெண்டு நாள் போட்டா நாத்தம் முக்காவாசி போயிரும். மீதி போவாது, பாட்டு கேக்கும்போது சாள வாசம் வரும், அதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது.

ஆனா உள்ளத சொல்லணும்லா, பெட்டி தெர்மோகோல் அப்படியே போட்டா சத்தம் மொத்தையா இருக்கும். மணி மணியா இருக்குல்ல, அந்த மணிக்கும் மணிக்கும் நடுவுல அதிர்வு கொஞ்சம் செத்துப் போவுது, மேல் சுரம் வெளிய வராது. இதுக்கு மருந்து வெள்ள பெவிக்கால். பாதிக்கு பாதி தண்ணி கலந்து ரெண்டு பக்கமும் பிரஷ்ல மெலிசா ஒரு கோட்டு அடிச்சு காயவிடணும், காய்ஞ்சதும் தட்டிப் பாத்தா டொக்குன்னு இருந்தது டிங்குன்னு மாறும். மேல டிஷ்யூ பேப்பர் ஒட்டுனா இன்னும் வெறைப்பு. தோலு வெறைப்பா, உள்ள காத்தா இருக்கணும், அதுதான் சூத்திரம். ஒண்ண மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, செருப்புக்கடை பசை, ஸ்ப்ரே பெயின்ட், தின்னர், இதெல்லாம் தெர்மோகோல் கிட்டயே கொண்டு போவக்கூடாது, கண்ணு முன்னாலயே உருகி ஓட்டை விழும். தண்ணில கரையுற பசை மட்டுந்தான்.

மொட்டைமாடி சூட்டுக்கு போடுற எக்ஸ்பிஎஸ் ஷீட்டு, அந்த நீலக் கலரு ரோஸ் கலரு அட்டை, கெடைச்சா அதுதான் ராஜா. மணி கெடையாது, ஒரே சீரா இருக்கும். வீடு கட்டுற எடத்துல துண்டு மிச்சம் கெடந்தா கேட்டு வாங்கிக்கலாம். ஃபிளெக்ஸ் அடிக்கிற கடைல சன்போர்டு துண்டு சும்மாவே தருவாங்கன்னு சிலபேரு அத வாங்கிட்டு வருவாங்க, வேண்டாம் கேட்டியளா. அது பிவிசி, ஒரு கன மீட்டர் ஐநூறு கிலோவுக்கு மேல வரும், தெர்மோகோல் பதினஞ்சு இருபது கிலோதான். 5 மி.மீ. சன்போர்டு ஒரு சதுர மீட்டர் ரெண்டரை கிலோ, 12 மி.மீ. தெர்மோகோல் இருநூத்தி அம்பது கிராம் கூட வராது. பாக்க ரெண்டும் வெள்ள அட்டை, கேக்கும்போது தெரியும் சங்கதி.

அளவு 40க்கு 60 செ.மீ. போதும். சதுரமா வெட்டாதீங்க, சதுரத்துல நீளத்துக்கும் அகலத்துக்கும் ஒரே சுரம் கூடி அது மட்டும் கத்தும். மூலைய லேசா உருட்டி விட்டா நல்லது. எக்ஸைட்டர நட்டநடுவுல ஒட்டவே கூடாது, நடுவுல வச்சா பாதி அதிர்வு எழும்பாது, நீளத்துல அஞ்சுல ரெண்டு பங்கு, அகலத்துலயும் அஞ்சுல ரெண்டு பங்கு தள்ளி ஒரு எடம் பாத்து வைங்க. அப்புறம் பலகைய செவத்துல சாத்தி வைக்காம தொங்கவிடணும், அதுக்கு மீன்பிடிக்கிற தங்கூசி நரம்பு மாதிரி ஒரு சாமான் வேற இல்ல, நாப்பது கிலோ மீன தூக்குறது இந்த அட்டைய தூக்காதா.

எக்ஸைட்டர் முதுகு விசயத்த நெறைய பேரு கண்டுக்கிறதில்ல. மேக்னெட்டு கனம், அது தெர்மோகோல புடிச்சு தொங்கிட்டே இருந்தா நாள் போக்குல காயில் ஒரு பக்கமா சரிஞ்சு உள்ள உரச ஆரம்பிச்சிரும், கரகரன்னு வரும். பின்னால ஒரு மரச்சட்டம் குறுக்க வச்சு மேக்னெட்ட அதுல புடிக்க வச்சா எடைய சட்டம் தாங்கிக்கும், பலகைக்கு பாடுற வேலை மட்டும்தான்.

சத்தம் எப்படி? பேச்சு, வயலின், நாதஸ்வரம், பழைய பாட்டு, குமரி பண்பலை, இதெல்லாம் நம்ப முடியாத அளவுக்கு தெளிவு. ரூம்ல எந்த மூலைல நின்னாலும் ஒரே மாதிரி கேக்கும், ஏன்னா பலகை முழுக்க எல்லா பக்கமும் செதறி விடுது. திருவிழா குழாய் இதுக்கு நேர் எதிரு, இருக்க சத்தத்த எல்லாம் ஒரே தெசைல புடிச்சு அடிக்கும், அதனாலதான் கோயில்ல கட்டுன குழாய் மூணு தெரு தள்ளி இருக்க நம்ம தலையணைல கேக்குது.

ஆனா தவில் கேட்டா தொப்பி சத்தத்த காணல. பாஸ் வராது, எவன் வரும்னு சொன்னாலும் நம்பாதீங்க. 100 ஹெர்ட்ஸ் சத்தத்தோட அலை நீளம் நம்ம ஊரு சூட்டுக்கு சுமார் மூணரை மீட்டர், நம்ம பலகை அகலமோ அரை மீட்டர், முன்னாடி தள்ளுற காத்து சுத்தி வந்து பின்னாடி இழுக்குற காத்தோட சேந்து ஒண்ண ஒண்ணு தின்னுரும். பாஸ் வேணும்னா தனியா ஒரு பெட்டி சப்வூஃபர் வைக்கணும். எனக்கு வேண்டாம், சாயங்காலம் சாயா குடிச்சுகிட்டு செய்தி கேக்குறதுக்கு எதுக்கு நெஞ்சு அதிரணும்.

சுசீந்திரம் கோயில் இசைத்தூண் இருக்குல்ல, தட்டுனா சுரம் வரும். கல்லு எம்புட்டு கனம், அது எப்படி பாடுதுன்னு ஒருத்தன் மடக்குனான். கல்லு ரொம்ப வெறைப்பு, உள்ளுக்குள்ள அதிர்வ சாவடிக்கிறதும் கொறைவு, அதனால ஒரு தட்டுக்கு ஒரு சுரம் நின்னு ஒலிக்கும். ஸ்பீக்கருக்கு அந்த குணம் ஆவாது தம்பி, ஒரு வார்த்தை முடிஞ்சப்புறமும் அது பாடிகிட்டே கெடந்தா அடுத்த வார்த்தை எப்படி வெளங்கும்?

பிள்ளைகளோட செய்யணும்னா எக்ஸைட்டர் வாங்காம காயிலையே சுத்தலாம், அதுலதான் உண்மையான ரசம். மோட்டார் வைண்டிங் கடைல 36 கேஜ் செம்புக் கம்பி கொஞ்சம் கேளுங்க. 25 மி.மீ. விட்டம் உள்ள ஏதாவது குழாய் மேல ஒரு பட்டை பேப்பர் சுத்தி, அதுக்கு மேல கம்பிய 85, 90 சுத்து நெருக்கமா சுத்துனா சுமார் 7 மீட்டர் போவும், அது கிட்டத்தட்ட 4 ஓம் வரும். மல்டிமீட்டர்ல பாத்துட்டுதான் ஆம்ப்ல குடுக்கணும், 4 ஓமுக்கு கீழ காட்டுனா இன்னும் சுத்துங்க. கம்பி முனைல இருக்க வார்னிஷ சொரண்டாம ஈயம் வச்சு பத்த வச்சா தொடர்பே கெடைக்காது, பிளேடு வச்சு பைய சொரண்டணும். இந்த காயில ஒரு பாக்குமட்டை தட்டு முதுகுல ஒட்டி, உள்ளுக்க ஒரு நியோடிமியம் வட்ட மேக்னெட்ட தொடாம நிறுத்துனா தட்டு பேசும். மெதுவாத்தான் பேசும், ஆனா நம்ம கையால சுத்துன கம்பி பேசுறத பாத்த பிள்ளைக மொகம் இருக்கே, அதுக்கு வெலை கெடையாது. பழைய ஹார்ட் டிஸ்க் மேக்னெட்டு இதுக்கு ஒத்து வராது, அதுல ஒரே மொகத்துல ரெண்டு துருவமும் இருக்கும், காயில் பாதி முன்ன பாதி பின்னன்னு தள்ளாடும்.

தட்டு ஓரத்த எங்கயாவது புடிக்கணும்ல, அதுக்கு ஒரு யோசனை. மேற்க குலசேகரம், அருமனை பக்கம் சொந்தக்காரங்க இருந்தா ஒரு குப்பி ரப்பர் பால் கேளுங்க. மெலிசான பழைய வேட்டித் துணிய வளையமா வெட்டி அதுல பாலு தடவி காயவச்சா அருமையான நெகிழ்வு வளையம். ஓரத்துக்கு வர்ற அதிர்வ அது விழுங்கிக்கும், திருப்பி அனுப்பாது. ஒரு வருசம் ரெண்டு வருசத்துல பிசுபிசுத்துப் போவும், போனா திரும்ப தடவிக்கலாம்.

சிரட்டை ஸ்பீக்கர் பத்தி எல்லாரும் கேப்பாங்க. ரெண்டு இஞ்சு ஸ்பீக்கர் ஒண்ண முழு சிரட்டைல மாட்டுனா பாக்க அம்சமா இருக்கும், பாலிஷ் போட்டா கன்னியாகுமரி கடற்கரைல விக்கலாம். உள்ள அரை லிட்டர் காத்து கூட இல்ல, அந்த காத்து ஸ்ப்ரிங் மாதிரி கோன திருப்பித் தள்ளுது, அதனால அடிச் சுரம் எல்லாம் போயி தொண்டைல பேசுற மாதிரி வரும். கொஞ்சம் இலவம்பஞ்சு உள்ள வச்சா தேவலை. மேசைல வைக்க நல்ல சாமான், பாட்டு கேக்க நான் தெர்மோகோல்தான் எடுப்பேன்.

ஆம்ப்ளிஃபையருக்கு பிஏஎம்8403ன்னு கேட்டா விரல் நகம் சைஸ்ல ஒரு போர்டு தருவாங்க, ரொம்ப மலிவு, போன் சார்ஜர்லயே 5 வோல்ட்ல ஓடும். சேனலுக்கு 3 வாட்டுன்னு எழுதியிருப்பான், அது சத்தம் ஒடையுற எடத்துல அளந்த கணக்கு, நல்லா கேக்குறதுக்கு அதுல பாதிய எடுத்துக்கோங்க, ஒரு ரூமுக்கு அது தாராளம். அதுல ரெண்டு சேனல் மைனஸையும் ஒண்ணா முறுக்கி கட்டிரக்கூடாது, கிரவுண்டுலயும் குடுக்கக்கூடாது, ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனி ரெண்டு வயரு. சார்ஜர்ல கிர்ருன்னு இரைச்சல் வந்தா பவர்பேங்க்ல மாத்திப் பாருங்க, போயிரும்.

கடல் பக்கம் வீடு இருக்கவங்களுக்கு ஒண்ணு. உப்புக்காத்து செம்புக் கம்பி முனைய பச்சையாக்கிரும், நியோடிமியம் மேக்னெட்டு மேல நிக்கல் பூச்சு கீறியிருந்தா உள்ள துருவேறி பொடிப்பொடியா உதிர ஆரம்பிச்சிரும். ஈயம் வச்ச எடத்துலயும் மேக்னெட்டு கீறல்லயும் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வச்சிருங்க. கலரு எதுன்னாலும் பரவாயில்ல, எனக்க பெட்டில ரோஸ் கலருதான் இருக்கு.