போட்டில் ஸ்பாட்லைட்: மூன்றாவது இடம்தான் சரிப்பட்டது

பழவேற்காடு ஏரியில் பகலில் போட் ஓட்டுவது பெரிய வித்தை இல்லை. இருட்டினால்தான் வம்பு. வலை கட்ட நட்ட கம்புகள் தண்ணீருக்கு மேல் ஒரு முழம்தான் நிற்கும். வலைக் கயிறு ப்ரொப்பல்லரில் சுற்றினால் அன்றைய பொழுது அங்கேயே. அதனால்தான் மச்சானும் நானும் கூட்டாக வைத்திருக்கும் 22 அடி ஃபைபர் போட்டுக்கு ஸ்பாட்லைட் மாட்ட இறங்கினோம்.

வாங்கியது 12 வோல்ட், 36 வாட் எல்இடி. 55 வாட் ஹாலஜன் என்றால் நாலரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும், இது மூன்றோடு சரி. கடையில் 'ஸ்பாட்' என்று கேட்டு வாங்க வேண்டும். 'ஃப்ளட்' எடுத்தால் வெளிச்சம் அகலமாகப் பரவி போட்டுக்குள்ளேயே விழும்.

முதலில் அணியத்துக்கு, அதாவது போட்டின் முன்முனைக்கு, ஒன்றரை அடி பின்னால், குறுக்குப் பலகையில் மாட்டினோம். கரையில் போட்டுப் பார்த்தபோது கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. தண்ணீரில் இறங்கியதும் எங்கள் போட்டின் வெள்ளை மூக்கைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அதில் பட்ட ஒளியெல்லாம் என் கண்ணுக்கே திரும்பி வந்தது. ஒரு கம்பு பக்கவாட்டில் கரகரவென்று உரசிய பிறகுதான் அது அங்கே இருந்ததே தெரிந்தது.

உயரத்தில் வைத்தால் தீரும் என்று மச்சான் பின்பக்கம் ஆறடிக் குழாய் நட்டார். எங்கள் முதுகு, ஐஸ் பெட்டி, தண்ணீர் கேன் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன, ஏரியைத் தவிர. கரையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "ஏம்பா, லைட்டு போட்டுப் பாக்கவா, போட்டைக் காட்டவா?" என்று கேட்டார்.

மூன்றாவது முறை எல் வடிவ ஸ்டீல் பட்டையில், அணியத்தின் நுனியைத் தாண்டி விளக்கு முன்னால் நிற்கும்படி மாட்டினோம். போட்டின் எந்தப் பாகத்திலும் ஒளி படாது. மேலே பிவிசி குழாயை நெடுக்காகப் பிளந்து ஒரு மூடி, மூக்கில் பளபளப்பில்லாத கறுப்பு பெயிண்ட். மற்ற போட்டுகளுக்கு நம் திசையைக் காட்டும் இடது சிவப்பு, வலது பச்சை விளக்குகளைப் பட்டை மறைக்கிறதா என்று எதிரே இன்னொரு போட்டில் நின்று பார்த்துக்கொண்டோம்.

அதிக நேரம் தின்றது துளைதான். ஃபைபருக்குள் மரம் இருக்கிறது. நேராக போல்ட் போட்டால் தண்ணீர் இறங்கி உள்ளே ஊறிவிடும். 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 12 மில்லிமீட்டர் துளையிட்டு, எபாக்சிப் பிசின் நிரப்பி, மறுநாள் அதன் நடுவில் 8 போட்டோம். போல்ட் 316 ஸ்டெயின்லெஸ். விளக்கின் அலுமினியத்துக்கும் அதற்கும் நடுவில் நைலான் வாஷர், இல்லையென்றால் உப்புத் தண்ணீரில் அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்துவிடும். வயர் வெள்ளீயம் பூசிய 2.5 சதுர மில்லிமீட்டர். பேட்டரியிலிருந்து 7 மீட்டர் போயும் கால் வோல்ட் சொச்சம்தான் குறைகிறது. ஐந்து ஆம்பியர் ஃப்யூஸ் பேட்டரிக்கு ஒட்டி.

ஸ்விட்ச் காலிங் பெல் ரகம், கையெடுத்தால் அணைந்துவிடும். தொடர்ந்து எரியவிட்டால் கலங்கரை விளக்கம் தெரியும், அதன் கீழே லைட்ஹவுஸ்குப்பம் கரை தெரியாது. வெளிச்சம் பார்த்த கண் முழுசாக இருட்டுக்குப் பழக அரைமணி ஆகிறது. இப்போது சந்தேகம் வந்தால் மூன்று விநாடி அழுத்தி, அணியத்தை இடம் வலம் திருப்பி ஒரு பார்வை, அவ்வளவுதான். எதிரே போட் வந்தால் அதுவும் கிடையாது.

போன சனிக்கிழமை அப்படி அழுத்தினபோது ஒரு மடவை மீன் வெளிச்சத்தைப் பார்த்து எகிறி மச்சான் மடியில் விழுந்தது. அன்றைக்கு தூண்டிலில் எதுவும் மாட்டவில்லை.