காலையில் வெட்டு, சாயங்காலம் கணக்கு

சொந்தத் தொழில் என்றால் நேரம் நம் கையில் என்று சொல்பவர்கள், பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்னத் தையல் யூனிட்டை நடத்திப் பார்க்கட்டும். எம்.சி. ரோடு துணிக்கடைக்காரர் கூப்பிடுவார், நூல்காரர் கூப்பிடுவார், துணி ஓரத்துக்கு ஓவர்லாக் அடிப்பவர் இன்று வரமுடியாது என்பார், அதற்குள் மதியமாகிவிடும்.

நான் பிடிவாதமாக வைத்திருப்பது ஒன்றுதான்: ஷட்டரைத் தூக்கியதும் முதல் ஒரு மணி நேரம் போனைத் தொடுவதில்லை. மேசையில் துணியை விரித்து, சாக்பீஸால் அளவு போட்டு, அன்றைக்குத் தைக்க வேண்டிய நைட்டிகளை வெட்டிக் கட்டுக்கட்டாக மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டால், அப்புறம் நான் வங்கிக்குப் போனாலும் டீக்கடையில் நின்றாலும் தையல்காரர்கள் கை சும்மா இருக்காது. ஆப், டைமர் எல்லாம் அவரவர் விருப்பம்.

அப்புறம் கணக்கு. ஜிஎஸ்டி கணக்கை மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு, விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்குக் கடைசி நாள் அடுத்த மாதம் 11ஆம் தேதி, வரியைக் கட்டும் 3பி படிவத்துக்கு 20ஆம் தேதி. அன்றைய பில்லை அன்று சாயங்காலமே ஏற்றிவிட்டால் கடைசி நாள் ராத்திரி ஆடிட்டரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. அப்படியே யார் பணம் பாக்கி என்றும் பார்த்துவிடுவேன். உத்யம் என்ற அரசுத் தொழில் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டமே சொல்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். சட்டத்தைக் காட்டிச் சண்டை போட்டால் அடுத்த ஆர்டர் வராது, அது வேறு விஷயம். ஆனால் கெடு நெருங்கும்போது சிரித்தபடி ஒரு போன் போடலாம். காலையில் மட்டும் கேட்காதீர்கள், போணி ஆகாத நேரத்தில் எந்த வியாபாரியும் காசு எடுத்துத் தரமாட்டார்.