பெண்கள் சிறை ஊழியத்துக்குப் பெயர் கொடுத்த பிறகு

எங்கள் சபையில் ஞாயிறு பள்ளிக்கு ஆள் உண்டு, பாடகர் குழுவுக்கு ஆள் உண்டு, மருத்துவமனை சந்திப்புக்கும் ஆள் உண்டு. பெண்கள் சிறைக்குப் போகத்தான் எப்போதும் ஆள் குறைவு. மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் இயேசு பசித்தவர்களையும் வியாதியஸ்தர்களையும் பற்றிச் சொல்லும் அதே மூச்சில் காவலில் இருப்பவர்களையும் சொல்கிறார். அதை எத்தனையோ முறை வாசித்தவள் நான். அதனால் பெயர் கொடுத்தேன். என்னைப் போல வர நினைக்கும் சகோதரிகளுக்கு உதவட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் காகித வேலை. ஊழியக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம், சிறை நிர்வாகத்துக்கு இன்னொன்று. அடையாளச் சான்று, புகைப்படம், போதகரின் பரிந்துரைக் கடிதம் எல்லாம் கேட்டார்கள். சொந்தக்காரர் யாராவது அங்கே கைதியாக இருந்தால் மறைக்காமல் எழுதச் சொன்னார்கள். பின்னணிச் சரிபார்ப்பு முடிந்து அனுமதி வர மாதக்கணக்கில் ஆனது. பொறுமையாக இருங்கள், அவ்வளவுதான்.

பயிற்சி வகுப்பைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். போன் எண், முகவரி தரக்கூடாது. வெளியே போஸ்ட் செய்யச் சொல்லிக் கடிதம் கொடுத்தால் வாங்கக்கூடாது. சின்னப் பரிசுகூடக் கொடுக்கக்கூடாது. வழக்கைப் பற்றி நாமாகக் கேட்கக்கூடாது. கேட்டவுடன் கல்நெஞ்சம் போலத் தோன்றும். ஆனால் பயிற்சி கொடுத்த அக்கா ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னார். அங்கே இருக்கும் பெண்களில் பலர், எதையாவது கொடுத்துவிட்டுப் பதிலுக்கு அவர்களையே கேட்ட மனிதர்களிடம் சிக்கி வந்தவர்கள். கைமாறு எதிர்பார்க்காத பரிசு என்று நமக்குத் தெரியும், அவர்களுக்கு எப்படித் தெரியும்? கடிதமும் அப்படித்தான். அது ஒரு சாட்சியை மிரட்டும் கடிதமாக இருந்தால்? வழக்கு இன்னும் விசாரணையில் இருக்கும் பெண் நம்மிடம் சொல்லும் ஒரு வார்த்தை அவளுக்கே எதிராகத் திரும்பவும் கூடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ரகசியம் பற்றியது. தன்னை மாய்த்துக்கொள்ளப் போவதாக ஒருத்தி சொன்னால் அதிகாரியிடம் சொல்லியே ஆக வேண்டும். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று நாம் வாக்குக் கொடுக்கவே கூடாது. இதைப் பேச ஆரம்பிக்கும் முன்பே அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்றையும் அங்கேதான் கற்றேன். கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 2015-இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில், மதப் பிரதிநிதி தன்னைச் சந்திப்பதை ஒரு கைதி விரும்பாவிட்டால் அந்த விருப்பத்தை முழுமையாக மதிக்க வேண்டும் என்று இருக்கிறது. ஜெபக் கூட்டத்துக்கு வருவதும் வராததும் அவர்கள் இஷ்டம். நாள் முழுக்க மற்றவர்களின் கட்டளைப்படியே நடக்கும் பெண்ணுக்கு, வேண்டாம் என்று சொல்ல ஓர் இடம் இருப்பது பெரிய விஷயம். இங்கிலாந்தில் சிறைச் சீர்திருத்தத்துக்காக உழைத்த எலிசபெத் ஃப்ரை இதை அப்போதே புரிந்துவைத்திருந்தார். லண்டன் நியூகேட் சிறைக்கு 1813-இல் முதன்முதலாகப் போனவர், 1817-இல் அங்கே பெண்களுக்கான ஒழுங்குகளைக் கொண்டுவந்தபோது, அவற்றை வாசித்துக் காட்டி, அந்தப் பெண்களையே கை தூக்கி ஒப்புதல் சொல்ல வைத்தார்.

உள்ளே போகும் நாளில் போன், கைப்பை எதுவும் கிடையாது. சோதனை முடிந்து வேதாகமமும் பாட்டுத் தாளும் மட்டும் கையில். முதலில் பாட்டு, அப்புறம் சின்ன வேதபாடம், கடைசியில் ஜெப விண்ணப்பங்கள். நேரத்தில் பாதியையாவது அவர்கள் பேச விட்டுவிடுங்கள் என்பேன். வழக்கமாகச் சபையில் சொல்லும் வெற்றிச் சாட்சிகள் அங்கே ஒட்டுவதில்லை. ஆபிரகாம் வீட்டு அடிமைப் பெண் ஆகாரின் கதை ஒட்டியது. பிள்ளையோடு வனாந்தரத்தில் விடப்பட்டவளைக் கடவுள் கண்டார் என்ற இடத்தில் எல்லார் தலையும் நிமிர்ந்தது. சங்கீதம் 88 முழுக்கப் புலம்பல், முடிவில்கூட விடியாது. அதை வாசித்தபோது ஒரு பெண், “அக்கா, இப்படியும் ஜெபம் பண்ணலாமா?” என்று கேட்டாள். பண்ணலாம், வேதத்திலேயே இருக்கிறதே என்றேன். திரும்பவும் வாசிக்கச் சொன்னாள்.

ஜெப விண்ணப்பங்களில் பெரும்பாலும் பிள்ளைகள்தான். யார் தலை வாரிவிடுகிறார்கள், பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறார்களா, என்னை மறந்துவிடுவார்களா. அமெரிக்காவின் அலபாமாவில் சிறையிலிருந்து வந்த மேரி கே பியர்ட் என்பவர், கைதித் தாய்மார்கள் தங்களுக்குக் கிடைத்த சோப்பையும் பற்பசையையும் சேர்த்துவைத்துப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுத்ததைப் பார்த்தவர். அதிலிருந்துதான் 1982-இல் ‘ஏஞ்சல் ட்ரீ’ பிறந்தது. தாயின் பெயரில் பிள்ளைக்குப் பரிசு போகும் ஏற்பாடு. பரிசைவிட, “இது அம்மா அனுப்பியது” என்று பிள்ளை கேட்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது.

விடுதலைக்குப் பிறகு என்ன என்பதில்தான் பல குழுக்கள் பலவீனமாக இருக்கின்றன. உள்ளே போகும் தன்னார்வலர் வெளியே வந்த பெண்ணோடு தானாகத் தொடர்பு வைத்துக்கொள்ள எங்கள் விதிகளில் இடமில்லை. அதனால் அதற்கென்றே தனி அணி வைத்திருக்கிறோம். தங்க இடம், வேலை, முதல் வாரத்தில் துணைக்கு ஓர் ஆள் என்று அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

எனவே ஒரு குழுவில் சேரும் முன் இரண்டைக் கேளுங்கள். வெளியே வரும் பெண்ணுக்கு என்ன ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள்? ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கு அவருக்குப் பதில் யார் போவார்கள்? நாம் வருவதாகச் சொன்ன நாளில் அவர்கள் காலையிலிருந்தே காத்திருப்பார்கள். இதற்குப் பதில் இல்லாத குழுவென்றால், முதலில் அந்த ஏற்பாட்டைச் செய்யச் சொல்லுங்கள். விண்ணப்பத்தை அப்புறம் நிரப்பலாம்.